நெகட்டிவ்தானே, அப்புறம் என்ன?

போன வாரம் ஒரு கர்ப்பிணியின் ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் பார்த்த கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாசிட்டிவ் சார், நல்லதுதானே?"

இல்லை. வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடிய எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் உருவாகிவிட்டது என்று அர்த்தம்.

பழைய ஃபைலைப் புரட்டினேன். அவர் பி நெகட்டிவ், கணவர் ஓ பாசிட்டிவ். இரண்டு வருடம் முன்பு நாலாம் மாதத்தில் கரு கலைந்து, வேறோர் இடத்தில் சுத்தம் செய்திருக்கிறார்கள். இந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டீர்களா என்றால், "எல்லாமே நெகட்டிவ்னு வந்துச்சு, அதான் ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டோம்" என்கிறார் மாமியார். எச்.ஐ.வி. நெகட்டிவ், ஹெபடைடிஸ் பி நெகட்டிவ், ரத்த வகை நெகட்டிவ். மூன்றும் ஒரே தாளில். மூன்றையும் ஒரே மாதிரி வாசித்திருக்கிறார்கள்.

எத்தனை தடவைதான் சொல்வது? லேப் பாஷையில் பாசிட்டிவ் என்றால் 'தேடியது இருக்கிறது', நெகட்டிவ் என்றால் 'தேடியது இல்லை'. நல்லது கெட்டது எங்கள் கணக்கில் கிடையாது. மேடையில் பேசுகிறவர் சொல்லும் பாசிட்டிவ் வேறு, நாங்கள் எழுதும் பாசிட்டிவ் வேறு. ரத்த வகையில் தேடுவது சிவப்பணுவின் மேலிருக்கும் ஆர்.எச். டி என்ற ஆன்டிஜெனை. அது இல்லாதவர் நெகட்டிவ். வயிற்றிலிருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், அதன் ரத்தம் கலந்ததும் நெகட்டிவ் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கலாம், அவ்வளவுதான். நோயுமில்லை, குறையுமில்லை, ராசியுமில்லை. (பெண் பார்க்கும்போது "நெகட்டிவ் குரூப்பா?" என்று முகம் சுளிப்பவர்கள், ராத்திரி ஒரு மணிக்கு ஒரு நெகட்டிவ் யூனிட்டுக்கு அலையும் எங்கள் பிளட் பேங்க் பையன்களிடம் அதன் அருமையைக் கேட்கலாம்.)

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை பாசிட்டிவ் என்றதும், டி.பி. நோயே வந்துவிட்டதாக அழுதவர்களும் உண்டு; அது மட்டும் நோயை உறுதி செய்யாது. டெங்குவின் ஆரம்ப நாட்களில் பார்க்கும் என்.எஸ்.1 பரிசோதனையைக் காய்ச்சலின் ஏழாம் நாள் எடுத்து, நெகட்டிவ், அதனால் டெங்கு இல்லை என்று கிளம்பியவர்களும் உண்டு.

ரிப்போர்ட் கையில் வந்தால் "எதற்கு பாசிட்டிவ்? எதற்கு நெகட்டிவ்?" என்று கேளுங்கள். கூகுளிடம் இல்லை, டாக்டரிடம். நெகட்டிவ் வகைப் பெண்கள் கர்ப்பம் தெரிந்த முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். கணவரின் வகையையும் பாருங்கள். ஏழாம் மாத வாக்கில், 28ஆவது வாரத்தில் ஒரு ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் ஊசி வேண்டுமா என்று கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. எதிர்ப்பொருள் உருவான பிறகு அந்த ஊசி பிரயோஜனப்படாது.

அந்தப் பெண்ணைக் குழந்தைக்கு ரத்தசோகை வருகிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறோம். இனி அடிக்கடி வரவேண்டும் என்று சொன்னபோது, கணவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.