டிஸ்க் யுடிலிட்டி: வட்டைப் பேணும் நிரலுக்குத் தமிழில் என்ன பெயர்?

இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும் சில நிரல்களை நாம் அன்றாடம் திறப்பதில்லை. புது வட்டு ஒன்றைப் பொருத்தும்போதோ, இருக்கும் வட்டு முரண்டு பிடிக்கும்போதோதான் அவற்றைத் தேடிப் போகிறோம். வட்டைப் பாகம் பிரிப்பது, வடிவூட்டுவது (ஃபார்மட் செய்வது), கோப்புப் பதிவுகளில் உள்ள பிழையைக் கண்டு திருத்துவது, வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து வைப்பது ஆகியவை அவற்றின் வேலை. ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொதுப்பெயர் டிஸ்க் யுடிலிட்டி. ஆப்பிள் கணினிகளில் நிரலின் பெயரே அதுதான். விண்டோஸில் அதே வேலைகள் டிஸ்க் மேனேஜ்மென்ட், டிஸ்க்பார்ட், செக்டிஸ்க் எனப் பிரிந்து கிடக்கின்றன. லினக்ஸில் க்னோம் டிஸ்க்ஸ், எஃப்எஸ்சிகே போன்றவை உண்டு.

தமிழில் இதை "வட்டுப் பயன்பாடு" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பெயர் சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்பது இரண்டு சொற்களையும் தனித்தனியே பார்த்தால் விளங்கும்.

முதலில் டிஸ்க். கிரேக்கத்தில் திஸ்கோஸ் என்பது விளையாட்டில் எறியப்படும் வட்டத் தட்டு. எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர். அது லத்தீனில் திஸ்குஸ் ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் பல வழிகளில் வந்து சேர்ந்தது. உணவுத் தட்டைக் குறிக்கும் டிஷ், எழுதுமேசையைக் குறிக்கும் டெஸ்க் இரண்டும் இதே வேரில் பிறந்தவை. கணினிக்கு இந்தச் சொல் வரக் காரணம் உருவம்தான். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அச்சில் சுழன்றன. அவ்வளவு பெரிய பொறியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். ஆங்கிலத்தில் காந்த வட்டுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், ஒளிவட்டுக்கு வேறொன்று என்ற தொல்லை இன்றும் இருக்கிறது. தமிழுக்கு அது இல்லை.

தமிழில் நமக்குக் கிடைத்த சொல் வட்டு. இதைவிடப் பொருத்தமான சொல் அமைந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். திருக்குறளின் கல்லாமை அதிகாரம் "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்றுதான் தொடங்குகிறது. போதிய நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது, கட்டம் வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பு என்பது அந்த 401ஆம் குறளின் பொருள். ஆக, அங்கேயும் வட்டு ஓர் ஆட்டப்பொருள். கிரேக்கத்தில் எறிந்து விளையாடியதும் தமிழில் உருட்டி விளையாடியதும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கருவிக்குப் பெயராகியிருக்கின்றன.

அந்தக் குறளில் அரங்கு என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. ஆடுவதற்காகக் கோடு கீறி வகுத்த இடம் அது. கணினி வட்டுக்கும் அப்படி ஓர் அரங்கு வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் வெற்று வட்டில் கோப்பை வைக்க முடியாது. எங்கிருந்து எங்குவரை ஒரு பாகம், அதில் எந்தக் கட்டம் நிரம்பியது, எது காலி, எந்தக் கோப்பின் அடுத்த துண்டு எங்கே என்ற கணக்கெல்லாம் முதலில் அதில் எழுதப்பட வேண்டும். அதுதான் கோப்பு முறைமை. ஃபேட்32, என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் எல்லாம் அப்படி வெவ்வேறு விதமாகக் கீறப்பட்ட அரங்குகள். வடிவூட்டல் என்பது இந்த அரங்கைக் கீறும் வேலை.

வட்டோடு அடைமொழி சேர்ந்து வன்வட்டு, நிலைவட்டு, நெகிழ்வட்டு, குறுவட்டு என்று பல சொற்கள் உருவாகிவிட்டன. இவற்றில் வன்வட்டு, நிலைவட்டு இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பதால் எது சரி என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் சரி. ஆங்கிலத்திலும் ஹார்டு டிஸ்க் என்ற பெயரோடு ஃபிக்ஸ்டு டிஸ்க் என்ற பெயரும் வழங்கியது. பழைய டாஸ் இயங்குதளத்தில் பாகம் பிரிக்கும் நிரலுக்கு எஃப்டிஸ்க் என்று பெயர் வைத்தபோது அந்த முதலெழுத்து ஃபிக்ஸ்டு என்பதையே குறித்தது.

இனி யுடிலிட்டி. லத்தீனில் பயன்படுத்து என்ற பொருளுள்ள வினையிலிருந்து யூதிலித்தாஸ் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பயனுடைமை என்பதே மூலப்பொருள். பொருளியலில் நுகர்வோர் அடையும் பயனுக்கும், பொதுவாழ்வில் மின்சாரம், குடிநீர் போன்ற சேவைகளுக்கும் அதுவே பெயர். கணினித் துறைக்கு வந்தபோது பொருள் குறுகியது. பயனர் செய்ய விரும்பும் வேலைக்கான நிரல் ஒரு வகை. அந்த வேலை நடக்கக் கணினியை ஒழுங்காக வைத்திருக்கும் நிரல் இன்னொரு வகை. கடிதம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் முதல் வகை. வட்டைத் தயார் செய்வது, படியெடுப்பது, சோதிப்பது இரண்டாம் வகை. 1960களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்திலேயே தரவுத் தொகுதிகளைப் படியெடுக்கவும் சேமிப்பகங்களைத் தயார் செய்யவும் யுடிலிட்டி என்ற பெயரில் ஒரு தொகுப்பு இருந்தது. தனியாள் கணினிகளில் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது 1982இல் வந்த நார்ட்டன் யுடிலிட்டீஸ். நீக்கிய கோப்பை மீட்டுத் தரும் அதன் நிரல்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது.

சிக்கல் இங்கேதான். தமிழில் அப்ளிகேஷனுக்கும் பயன்பாடு, யூசேஜுக்கும் பயன்பாடு, யுடிலிட்டிக்கும் பயன்பாடு என்று ஒரே சொல்லை மூன்று இடத்தில் வைத்துவிட்டோம். "வட்டுப் பயன்பாடு" என்று திரையில் பார்ப்பவர், வட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பட்டியல் என்றே எடுத்துக்கொள்வார். அதில் அவர் தவறு ஏதுமில்லை. தமிழில் அந்தத் தொடரின் இயல்பான பொருள் அதுதான். அப்படி நினைத்து உள்ளே போனவர் கையில் கிடைப்பது வட்டையே துடைத்துவிடும் பொத்தான் என்பதால்தான் இதைப் பெரிதாகச் சொல்கிறேன். வேறு நிரலில் பெயர் மயங்கினால் சற்று நேரம் வீணாகும். இங்கே மயங்கினால் பல ஆண்டுப் படங்களும் ஆவணங்களும் போகும்.

பயன்கூறு என்று எழுதுபவர்களும் உண்டு. மயக்கம் தீர்கிறது, ஆனால் நிரல் என்ன செய்யும் என்பது அதைப் படித்தால் தெரிவதில்லை. பேணு என்ற வினையிலிருந்து "வட்டுப்பேணி" என்று ஆக்கலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழில் பேணி என்றால் தகரக் குவளை, தகர டப்பா. என் தேர்வு "வட்டுப் பராமரிப்புக் கருவி". சற்று நீளம்தான். இடம் குறுகிய திரையில் "வட்டுக் கருவி" என்று சுருக்கிக்கொள்ளலாம். தூய சொல்தான் வேண்டும் என்பவர்கள் பராமரிப்பை விட்டுப் பேணல் என்று வைத்துக்கொள்ளட்டும். செய்யும் வேலை பெயரில் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

செய்யும் வேலை என்றேன். அதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ரிப்பேர் என்ற சொல். 1980இல் டிம் பேட்டர்சன் 86-டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய செக்டிஸ்க், பெல் ஆய்வகத்தில் டெட் கோவால்ஸ்கி யூனிக்ஸுக்கு எழுதிய எஃப்எஸ்சிகே இரண்டின் பெயரிலும் சோதனை என்ற சொல்தான் இருக்கிறது, பழுதுநீக்கம் இல்லை. அவை பார்ப்பது கணக்கை. ஒரே கட்டத்தை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுகின்றனவா, நிரம்பிய கட்டம் காலி என்று பதிவாகியிருக்கிறதா, எந்தக் கோப்புறையிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் துண்டுகள் உண்டா என்று தேடுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ, வெளிவட்டைச் சொல்லாமல் பிடுங்கினாலோ இப்படிக் கணக்கு பிசகும். கண்டுபிடித்ததும் முரண்பாட்டை ஏதோ ஒரு பக்கம் தீர்த்துக் கணக்கைச் சமன் செய்கின்றன. அநாதைத் துண்டுகளை யூனிக்ஸ் வழியில் வந்தவை தொலைந்தவை–கிடைத்தவை என்ற பொருளுடைய பெயர் கொண்ட கோப்புறையில் போடுகின்றன. விண்டோஸ் அவற்றைப் பெயரில்லாத, எண் மட்டும் இட்ட கோப்புகளாகத் தருகிறது.

ஆகவே சோதனை முடிந்து "சரி" என்று வந்தால், கணக்கு சரியாகிவிட்டது என்று மட்டுமே பொருள். உங்கள் கோப்பின் உள்ளடக்கம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று பொருளில்லை. வட்டின் இயந்திரப் பகுதி தேய்ந்திருந்தால் எந்த நிரலும் அதைச் சரிசெய்யாது. அதனால் ரிப்பேருக்குப் பழுதுநீக்கல் என்பதைவிடச் சீர்செய்தல் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆப்பிள் தன் பொத்தானுக்கு வைத்த ஃபர்ஸ்ட் எய்டு என்ற பெயரை முதலுதவி என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலுதவி முழுச் சிகிச்சை ஆகாது என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். மேக் ஓஎஸ் 10 வருமுன் அது டிஸ்க் ஃபர்ஸ்ட் எய்டு என்ற தனி நிரலாகவே இருந்தது. வடிவூட்டும் நிரல் வேறாக இருந்தது. பிறகுதான் இரண்டும் டிஸ்க் யுடிலிட்டியில் ஒன்றாயின.

செக்டிஸ்க் கட்டளையோடு எந்தக் குறியெழுத்தும் சேர்க்காமல் இயக்கினால் அது பிழையை அறிவிப்பதோடு நின்றுவிடும். எஃப் குறி சேர்த்தால் திருத்தும். ஆர் குறி சேர்த்தால் வட்டின் கெட்ட பகுதிகளையும் தேடி, படிக்க முடிந்ததை மீட்கப் பார்க்கும். அதற்கு நெடுநேரம் ஆகும், ஏற்கெனவே நலிந்த வட்டை மேலும் வருத்தும். எனவே முதலில் முக்கியமானவற்றைப் படியெடுத்துவிட்டுத்தான் அதை ஏவ வேண்டும். வரிசை மாறக் கூடாது.

மற்றச் சொற்களில் பார்ட்டிஷனுக்குப் பகிர்வு என்று எழுதாதீர்கள், அது ஷேருக்குப் போய்விட்டது. பாகம் என்பதே போதும். சொத்தைப் பங்கிடுவதைப் பாகப்பிரிவினை என்று சொல்லும் மொழியில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வால்யூம் இங்கே ஒலியளவு அல்ல. பாகத்தின்மேல் அமைந்து, பெயரும் கோப்பு முறைமையும் பெற்ற சேமிப்பிடம் அது. சேமிப்புத் தொகுதி எனலாம். வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து வைத்த கோப்பான டிஸ்க் இமேஜ் என்பது வட்டுப் படிமம், படம் அல்ல.

ஃபார்மட்டில் மட்டும் சற்று நிற்க வேண்டும். விண்டோஸ் ஃபார்மட் என்று சொல்வதை ஆப்பிள் இரேஸ், அதாவது அழி, என்று சொல்கிறது. வடிவூட்டு என்ற சொல்லில் இழப்பின் அறிகுறியே இல்லை, ஏதோ அழகுபடுத்துவது போலத் தொனிக்கிறது. வடிவமைப்பு என்றால் இன்னும் மோசம், அது டிசைன். அதே நேரம், விரைவு வடிவூட்டல் பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதுக் கணக்கைத் தொடங்குகிறதே தவிர, உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்துதான் முழு வடிவூட்டல் வட்டெங்கும் சுழியத்தை எழுதுகிறது. பழைய வட்டைப் பிறருக்குக் கொடுக்குமுன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். எனவே பொத்தானில் "அழித்து வடிவூட்டு" என்று எழுதுவதே நேர்மை. கீழே, இந்தத் தொகுதியில் உள்ள கோப்புகள் எல்லாம் போய்விடும் என்று ஒரு வரியும் வேண்டும்.

எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம் வந்தபின் வட்டமும் இல்லை, சுழற்சியும் இல்லை. உள்ளே இருப்பவை நினைவகச் சில்லுகள். ஆனாலும் ஆங்கிலம் டிஸ்க் என்ற சொல்லை விடவில்லை, தமிழும் வட்டை விட வேண்டியதில்லை. குறிப்பிட்டு எழுதும்போது சேமிப்பகம் என்று சொல்லலாம். துண்டுதுண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேலைக்கு மட்டும் எஸ்எஸ்டியில் இடமில்லை. சுழலும் வட்டில் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைவதைக் குறைக்க வந்தது அது. சில்லில் அலைய முனையே இல்லை, வீணாக எழுதுவதால் ஆயுள்தான் தேயும்.

கட்டளைகளின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. செக்டிஸ்க்கை அதன் மூல எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். விளக்கம் எழுதும்போது, "வட்டுப் பராமரிப்புக் கருவியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் உங்கள் சேமிப்புத் தொகுதியைத் தேர்ந்து, முதலுதவியைச் சொடுக்குங்கள்" என்று எழுதினால், தமிழ் மட்டும் அறிந்தவரும் தவறான பொத்தானில் கைவைக்காமல் வேலையை முடிப்பார்.