இருட்டடிப்பு இல்லை, கடையடைப்பு

போன வாரம் திருத்தச் சொல்லி ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. அதில் ஒரு வரி: ‘2023 ஜூனில் ஆயிரக்கணக்கான ரெட்டிட் குழுக்கள் இருட்டடிப்புச் செய்தன.’ (ரெட்டிட், ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குழு என்று ஆட்கள் கூடிப் பேசும் இணையத் தளம்.) இந்த இடத்தில் இந்தச் சொல்லை நான் பார்ப்பது நாலாவது தடவை. முதல் மூன்று தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். இந்த முறை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். “அய்யோ, அவங்க எழுதுனதை எல்லாம் கம்பெனி மறைச்சிடுச்சா?” என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. தமிழில் இருட்டடிப்புக்கு அதுதான் பொருள். மாநாட்டுக்கு அத்தனை கூட்டம் வந்தும் மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரவில்லை என்றால், ‘எங்களை இருட்டடிப்புச் செய்துவிட்டார்கள்’ என்று கட்சிக்காரர் குமுறுவார். செய்கிறவர் கை ஓங்கியவர். மறைக்கப்படுவது அடுத்தவர் சேதி. ரெட்டிட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே கை ஓங்கியிருந்தது நிறுவனம்; மூடியவர்கள் பயனர்கள்; மூடியதும் தாங்களே நடத்திவந்த இடத்தை. ஒரு சொல் அடித்தவனையும் அடி வாங்கினவனையும் இடம் மாற்றி வைத்துவிட்டது.

நடந்தது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட்டிட்டை அதன் சொந்தச் செயலி இல்லாமல், வெளியார் செய்த செயலிகள் வழியாகவும் நிறையப் பேர் படித்துவந்தார்கள். அந்தச் செயலிகள் தரவை எடுக்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். இனி அதற்குக் காசு என்று 2023 ஏப்ரலில் நிறுவனம் சொன்னது. செயலி தரவு கேட்டு அனுப்பும் 5 கோடி அழைப்புகளுக்கு 12,000 டாலர் என்று மே கடைசியில் கணக்கு வெளியானது. அப்பல்லோ என்ற செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக், இந்த விலையில் தனக்கு வருடத்துக்கு 2 கோடி டாலர் ஆகும் என்றார். பார்வையற்ற பயனர்களுக்கும் இடி விழுந்தது; நிறுவனத்தின் செயலியைவிட வெளிச் செயலிகள்தான் அவர்களுக்குக் கைகொடுத்துவந்தன. ஜூன் 12 தொடங்கி இரண்டு நாள், 7,000-க்கும் மேற்பட்ட சப்ரெட்டிட்டுகளை, அதாவது ரெட்டிட் குழுக்களை, அவற்றைச் சம்பளமில்லாமல் நடத்திவந்த பயனர்களான மட்டுறுத்துநர்கள் பூட்டினார்கள். உள்ளே போகப் பார்த்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு மட்டும் தெரிந்தது. (மட்டுறுத்துநர் என்ற சொல், யாரையோ உரலில் போட்டு இடிப்பவர் மாதிரித்தான் என் காதில் விழுகிறது. ஆனால் வழக்கில் ஊறிவிட்டது, அதோடு இன்று சண்டை வேண்டாம்.)

ஆங்கிலத்தில் இதற்கு பிளாக்அவுட் என்று பெயர். நாடக மேடையில் விளக்கெல்லாம் அணைவது, போர்க்காலத்தில் விமானத்துக்குத் தெரியாமல் ஊரே விளக்கணைப்பது, மின்தடை, மயக்கம், செய்தித் தடை எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். 2012 ஜனவரி 18-இல் இணையத் திருட்டைத் தடுக்க என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த சோபா, பிபா மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுக்கப் பக்கங்களைக் கறுப்பாக்கியது. இப்படிப்பட்ட இணையப் போராட்டத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் கதை. தமிழில் மின்தடை வேறு, விளக்கணைப்பு வேறு, கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல் நாலு வேலை பார்க்கிறது என்பதற்காக நம் சொல்லும் நாலு வேலை பார்க்க வேண்டுமா?

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? கடையடைப்பு. வணிகர் சங்கம் அறிவிக்கும், காலையில் ஷட்டர் இறங்கியிருக்கும், அதில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பால் வாங்க வந்தவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். ரெட்டிட்டில் நடந்ததும் அச்சு அசலாக இதுதான். இந்தப் போராட்டத்துக்கு இந்தியா முழுக்கப் பழக்கமான பெயர் ஹர்த்தால். அது குஜராத்திச் சொல். ‘ஹாட்’ என்றால் கடை, ‘தாளு’ என்றால் பூட்டு. பிரித்துப் பார்த்தால் நம் கடையடைப்பேதான். 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்கு வந்ததே சென்னையில் ராஜாஜியோடு தங்கியிருந்தபோதுதான்; கனவில் தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். இலங்கைத் தமிழர் இன்றும் ஹர்த்தால் என்றே சொல்கிறார்கள். நமக்கு அந்தக் கடன்கூடத் தேவைப்படவில்லை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். தொழிற்சங்கத்தில் பழகியவர், தனித்தமிழ்ப் பற்றும் உண்டு. அவர் வைத்த சொல் கதவடைப்பு. “இணையத்தில் ஏதுய்யா கடை? கதவு என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே ஆலை கேட்டில் நின்று கத்திய சொல் அது! முதலாளி ஆலையைப் பூட்டித் தொழிலாளியை வெளியே நிறுத்தினால் கதவடைப்பு; தொழிலாளி கருவியைக் கீழே வைத்தால் வேலைநிறுத்தம். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டமே இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருந்தது. ரெட்டிட் கதவடைப்பு என்று எழுதினால், நிறுவனம் பயனர்களை வெளியே தள்ளிப் பூட்டியது என்றாகிவிடும். இருட்டடிப்பு செய்த அதே கோளாறு, வேறு வேஷத்தில்.

அவர் விடவில்லை. “மட்டுறுத்துநர் என்ன கடைக்காரரா? இடம் கம்பெனியுடையது, சம்பளம் கிடையாது, அவர் வேலைக்காரர்தானே, வேலைநிறுத்தம் என்று எழுது.” இது யோசிக்க வேண்டிய கேள்வி. அதே 2023 ஜூனில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளத்திலும் மட்டுறுத்துநர்கள் போராடினார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதில் நிறுவனம் போட்ட கட்டுப்பாடு பிடிக்காமல், குப்பை அள்ளும் வேலையை நிறுத்தினார்கள். தளம் திறந்தே கிடந்தது. அது வேலைநிறுத்தம், சந்தேகமே இல்லை. ரெட்டிட்டில் வேலை நிற்கவில்லை, ஷட்டர் இறங்கியது. இடம் யாருடையது என்பது இங்கே பேச்சே இல்லை. பஜாரில் பாதிக் கடைகள் வாடகைக் கடைகள்தான். அவர்கள் மூடினாலும் அது கடையடைப்பே.

சாவி இன்னொன்று கட்டட உரிமையாளரிடம் இருந்தது என்பது அப்புறம் தெரிந்தது. திறக்காவிட்டால் ஆளை மாற்றுவோம் என்று நிறுவனம் மிரட்டியது, சில இடங்களில் மாற்றவும் செய்தது. சரி என்று படங்களுக்கான பெரிய சப்ரெட்டிட் கடையைத் திறந்தது. ஆனால் விற்ற சரக்கு ஒன்றே ஒன்று: ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவைக்காரரின் படம். வேறு எந்தப் படத்துக்கும் அனுமதி இல்லை. விதிப்படி வேலை என்று நம் தொழிற்சங்கங்கள் சொல்வது இதைத்தான். அப்பல்லோ ஜூன் 30-இல் மூடியது, அது திறக்கவே இல்லை. 2024 செப்டம்பர் முதல், ஷட்டரை இறக்க வேண்டுமானால் முதலில் நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் பாடு கஷ்டம்தான், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்குள் வேண்டும் என்பார்கள். இருந்தாலும் எழுதிய வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரெட்டிட் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மன் அந்தச் சமயத்தில் மட்டுறுத்துநர்களை ‘லேண்டட் ஜென்ட்ரி’, அதாவது நிலபுலம் உள்ள பிரபுக்கள், என்று குத்திப் பேசினார். வந்த இடத்தை வளைத்துக்கொண்டு பரம்பரையாக உட்கார்ந்திருப்பவர்கள் என்ற தொனியில். என் கைக்கு வந்த பிரதியில் அது ‘தரையிறங்கிய பெருமக்கள்’ என்று இருந்தது. விமானத்திலிருந்தா? மிராசுதார் என்று ஒரு சொல் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குத்தல் உட்பட எல்லாம் அதில் வந்துவிடும்.

மிராசுதாரும் கடையடைப்புமாகத் திருத்தி அனுப்பினேன். நேற்று அச்சில் வந்தது. மிராசுதார் அப்படியே இருந்தார். தலைப்பில் மட்டும் ‘ரெட்டிட் பந்த்’ என்று போட்டிருந்தார்கள். அக்காவிடம் காட்டினேன். “ஓ, கடைய மூடிட்டாங்களா?” என்றாள்.