கிரியாட்டினின் நார்மல்தான், சிறுநீரைப் பார்த்தீர்களா?

இரண்டு காலும் வீங்கி, ஷூ நுழையாமல் செருப்போடு வந்து உட்கார்கிறார். சுகர் வந்து பன்னிரண்டு வருடம். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டெல்லாம் தேதி வாரியாக ஃபைலில் இருக்கிறது. "கிரியாட்டினின் எப்பவும் நார்மல்தான் டாக்டர், போன மாசம்கூட 1.2 தான்." ஃபைலை முழுக்கப் புரட்டினாலும் ஒன்று மட்டும் கிடைக்காது: யூரின் ஏ.சி.ஆர், அதாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் டெஸ்ட். அன்றைக்கு எடுத்துப் பார்த்தால், 30-க்குள் இருக்க வேண்டியது 2,000-ஐத் தாண்டி நிற்கிறது. எப்போதோ ஒருவர் இப்படி வந்தால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப இதே ஃபைல், இதே வீக்கம், இதே "நார்மல்தான்".

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகத்தின் திறன் பாதிக்குப் பக்கமாகக் குறைந்த பிறகும், லேப் அச்சடித்த நார்மல் எல்லைக்குள்ளேயே அது இருக்கலாம். ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட்டுப் பாருங்கள். 25 வயது இளைஞருக்கு கிரியாட்டினின் 1.1 என்றால் இ-ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் எண்) ஏறக்குறைய 95, கவலையில்லை. 65 வயது அம்மாவுக்கு அதே 1.1 என்றால் 56. அது சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. லேப் தாளில் இரண்டு பேருக்கும் தடித்த எழுத்து கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது. வயதும் பாலினமும் கணக்கில் வராத கிரியாட்டினின் பாதித் தகவல்தான்.

அதைவிட மோசம், சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் பலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டும். அப்போது கிரியாட்டினின் 0.6, 0.7 என்று பார்க்க அழகாக இருக்கும். சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். சிறுநீர் கத்திக்கொண்டிருக்க, நாம் ரத்தத்திடம் போய்க் காதைக் கொடுக்கிறோம்.

நம் ஊரில் கிரியாட்டினின் ஏறினாலும் 'உப்பு கூடிடுச்சு', சிறுநீரில் புரதம் போனாலும் 'உப்பு போகுது'. இரண்டும் வேறு வேறு, இரண்டுமே சமையல் உப்பு இல்லை. "உப்பு டெஸ்ட் எடுத்தாச்சு" என்று சொன்னால் எந்த உப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பாதிப் பேர் காட்டுவது சோடியம் ரிப்போர்ட்.

ஏ.சி.ஆர் என்பது சிறுநீரில் உள்ள அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்குமான விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் நார்மல். 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் போனால் நோய் நன்றாகவே கால் ஊன்றிவிட்டது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. டென்மார்க்கின் மோகென்சன் 1984-லேயே எழுதிவிட்டார்: சிறிதளவு அல்புமின் போகிற சர்க்கரை நோயாளிகளுக்குப் பின்னால் பெரிய அளவில் புரதம் போகிறது, மரணமும் முந்துகிறது என்று. நாற்பது வருடம் ஆன பிறகும் "இது எதுக்கு டாக்டர் புது டெஸ்ட்?" என்கிறார்கள்.

"யூரின் டெஸ்ட்டும்தான் எடுத்தோம், அல்புமின் நில்" என்பது அடுத்த சமாதானம். அது யூரின் ரொட்டீன், பட்டையை முக்கி நிறம் பார்ப்பது. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பட்டை நிறம் மாறாது. முந்தின இரவு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்திருந்தால் அதற்கு மேல் இருந்தாலும் தப்பிவிடும். நாம் பிடிக்க நினைக்கிற கட்டமே அதற்குக் கீழேதான் இருக்கிறது.

அதற்கடுத்தது 'மைக்ரோஅல்புமின்'. பெயரே குழப்பம், அல்புமின் சின்னதில்லை, அளவுதான் சின்னது. சில லேப்களில் விகிதம் இல்லாமல் இதை மட்டும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். லிட்டருக்கு 24 மில்லிகிராம் என்று வருகிறது, 30-க்குக் கீழ் என்று வீட்டில் நிம்மதி. அதே சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 400 மில்லிகிராம், அதாவது 0.4 கிராம். 24-ஐ 0.4-ஆல் வகுத்தால் 60. நார்மலின் இரண்டு மடங்கு! நீர்த்த சிறுநீர் ஏமாற்றியிருக்கிறது. தாளில் அல்புமின், கிரியாட்டினின், விகிதம் என்று மூன்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்து தசை வற்றிய முதியவர்களுக்கு இந்த விகிதம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சாம்பிள் கொடுப்பதில் நடக்கும் கூத்து தனி. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது. தொடக்கத்தைக் கழித்துவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், லேப் டப்பாவில் பத்து மில்லி போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சுகருக்கு எடுக்கும் சிறுநீரையே இதற்கும் தள்ளிவிடாதீர்கள். வெறும் வயிறு அவசியமில்லை. ஐந்து லிட்டர் கேனில் 24 மணி நேரச் சிறுநீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்கள், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் நேரம், எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். அப்போது எடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே ஆளுக்கு இந்த எண் ஒரு வாரம் 40, அடுத்த வாரம் 80 என்று ஆடும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டில் 30-ஐத் தாண்டினால்தான் உறுதி என்கிறோம். ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து அழவும் வேண்டாம், ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இணையத்தில் படித்துவிட்டு என்.ஜி.ஏ.எல், கிம்-1 எடுக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இவை சிறுநீரக நுண்குழாய் அடிபடுவதைக் காட்டும் புரதங்கள், ஆராய்ச்சிக்கு நல்லவை. ஆனால் சாதாரண நீர்க்கடுப்பிலேயே என்.ஜி.ஏ.எல் ஏறிவிடும். சி.கே.டி-273 என்று ஒன்று, சிறுநீரின் 273 புரதத் துண்டுகளை ஒன்றாக அளந்து கணிப்பது. ஏ.சி.ஆர் நார்மலாக இருந்த 1,775 பேரை ஐரோப்பாவில் பின்தொடர்ந்த பிரையாரிட்டி ஆய்வு 2020-ல் வந்தது. இந்தக் கணிப்பு 'ஆபத்து அதிகம்' என்றவர்களில் 28 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் அல்புமின் கசிவு தொடங்கியது. கணிப்பு பலித்தது. ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை அந்தக் கசிவைத் தடுக்கவில்லை. சில நூறு ரூபாய் ஏ.சி.ஆரையே எடுக்காதவருக்கு 273 புரதத் துண்டு எதற்கு?

ஏ.சி.ஆர் ஏறினால் செய்வதற்கு வழி இருக்கிறது, அதுதான் இதன் அருமை. லோசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்பது 2001-லேயே நிரூபணமானது. சுகர் மாத்திரைகளில் கெனாகிளிஃப்ளோசின் 2019-ல், டாபாகிளிஃப்ளோசின் 2020-ல், அதே வருடம் ஃபினரெனோன் என்ற இன்னொரு மருந்து. டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. 300-க்கு மேல் இருப்பவருக்கு எண்ணை 30 சதவீதமாவது இறக்குவதுதான் குறி.

இங்கேதான் அடுத்த தலைவலி. இந்த மருந்துகளைத் தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், சிறுநீரகத்தின் உள் அழுத்தம் குறைந்ததன் அடையாளம். "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வராதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவரின் யூரினில் சுகர் நான்கு பிளஸ் என்று வரும். அந்த மருந்தின் வேலையே அதுதான். லேப்காரர் பதறினாலும் நீங்கள் பதற வேண்டாம். வாந்தி, பேதி, பட்டினி, ஆபரேஷன் நேரங்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது, இன்றோடு போதும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் 'கிட்னி பொடி' வேண்டவே வேண்டாம், தயவுசெய்து.

அல்புமின் போகிறதென்றால் எல்லாமே சர்க்கரையால்தான் என்றும் இல்லை. விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு இல்லாமல் இருந்து, சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்து, புரதம் திடீரென ஏறியிருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். அதனால் கண் ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள். சிலருக்கு அல்புமினே போகாமல் இ-ஜி.எஃப்.ஆர் இறங்கும். ஆகவே ஏ.சி.ஆர் எடுத்தால் கிரியாட்டினின் வேண்டாம் என்று நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

டைப் 2 என்றால் சுகர் தெரிந்த அன்றே ஏ.சி.ஆர் எடுக்க வேண்டும், டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து, அதன்பின் வருடம் ஒருமுறை. 30-ஐத் தாண்டியவருக்கு இன்னும் அடிக்கடி. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இருக்கும் என்று நம்பாதீர்கள், பலவற்றில் இல்லை. முந்தின நாளே லேப்புக்குப் போய் டப்பா வாங்கி வந்து பாத்ரூம் ஜன்னலில் வையுங்கள். இல்லையென்றால் காலையில் தூக்கக் கலக்கத்தில் முதல் சிறுநீர் போயே விடும்.