வலிக்காத கடி, வீங்காத விஷம்

பாம்பு கடித்தால் வலிக்கும், கடித்த இடம் வீங்கும், இரண்டு பல் தடம் தெரியும். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் இந்த மூன்றுமே இருக்காது. ஆனாலும் இந்தியாவின் மிகக் கொடிய பாம்புகளில் அதுவும் ஒன்று. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவனாகச் சொல்கிறேன், நான் பார்க்கும் நோய்களில் இவ்வளவு ஏமாற்றுவது வேறு எதுவும் இல்லை.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. எலி, பல்லி, வேறு பாம்பு என்று இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். அதன் பற்கள் மிகச் சிறியவை. பலர் விழிப்பதே இல்லை. விழித்தாலும் எறும்போ கொசுவோ என்று நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுகிறார்கள்.

விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார்கள். வாந்தியும் இருக்கலாம். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், சோடா வாங்கி வருவார்கள், 'காஸ் ட்ரபிள்' என்று மாத்திரை போடுவார்கள். அப்புறம் கண் இமை கீழே இறங்கும். தூக்கக் கலக்கம் என்று நினைப்பார்கள். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் செயலிழக்கும். இவ்வளவு நடக்கும்போதும் உடம்பில் காயம் எதுவும் கண்ணில் படாமல் போகலாம்.

இதற்குக் காரணம் விஷம் வேலை செய்யும் விதம். கண்ணாடி விரியன் விஷம் சதையையும் ரத்தத்தையும் தாக்குவதால் வலி, வீக்கம், ரத்தக்கசிவு என்று எல்லாம் வெளியே தெரியும். கட்டுவிரியன் விஷம் சதையைத் தொடுவதே இல்லை எனலாம். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்குப் போய், நரம்பின் நுனியையே அழித்துவிடும். மூளை கட்டளை அனுப்பும், தசைக்கு அது போய்ச் சேராது.

இதைவிட விசித்திரமான ஒன்று இருக்கிறது. விஷம் முழுதாக ஏறியவரைப் பார்த்தால் மூளைச்சாவு அடைந்தவர் போலவே இருப்பார். கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்காது. கிள்ளினால் அசைவு இருக்காது. தானாக மூச்சு வராது. ஆனால் மூளை நன்றாக இருக்கிறது! பாப்பாவைச் சுருக்கும் தசைக்கும் கட்டளை போகாததால்தான் அது அசையவில்லை. மயக்க மருந்து கொடுக்காத நிலையில், பக்கத்தில் நின்று பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டுகூட இருக்கலாம். அதனால்தான் கட்டிலருகே நின்று அழுது, "இனி என்ன இருக்கு, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்று சொல்லும் உறவினர்களை நான் வெளியே அழைத்துப் போய்ப் பேசுகிறேன். வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் காப்பாற்றினால் போதும். நரம்பு நுனிகள் மறுபடி வளரும். சிலருக்குச் சில நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

விஷமுறிவு மருந்து போட்டும் ஏன் உடனே சரியாகவில்லை என்று கேட்பார்கள். அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே அழிந்த நரம்பு நுனியை அதனால் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் வலிப்பது இதனால்தான்.

அந்த மருந்தின் அளவும் பலரைக் குழப்பும். மற்ற மருந்துகளைக் குழந்தையின் எடைக்கேற்பக் குறைப்போம். இதைக் குறைப்பதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான், ஏனென்றால் எடை பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. மருந்து பிறப்பதும் விஷத்திலிருந்துதான். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் பாம்புகளிலிருந்துதான் இதற்கான விஷம் பெருமளவு கிடைக்கிறது. எத்தனையோ உயிர்கள் அவர்கள் கைத்திறனால் பிழைத்திருக்கின்றன.

மந்திரித்தால் பிழைக்கிறார்களே என்பதற்கும் பதில் உண்டு. நம் ஊரில் இருக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்குவதில்லை. இப்படிப்பட்டவர்கள் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். உண்மையாகவே விஷம் ஏறியவருக்கு மந்திரிப்பதில் போகும் அந்த நேரம்தான் உயிர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலான மரணங்கள் கிராமங்களில் நடந்தவை. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

சரி, என்ன செய்யலாம்? கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்தால் செய்வதுபோலக் கை காலை அசையாமல் கட்டை வைத்துத் தாங்கி, 108-ஐ அழையுங்கள். வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பை அடித்து எடுத்து வர வேண்டியதில்லை. வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

தரையில் படுக்க வேண்டியிருந்தால் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். தென்கிழக்கு நேபாளக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்தது தெரியவந்தது. பாம்புக்கென்று யாரும் கட்டாத வலை அது.

விடியற்காலை வயிற்றுவலியோடு ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தால், இரவு அவர் தரையில் படுத்தாரா, எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, இமை எப்போது இறங்கியது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.