போரா குகையை உருவாக்கும் காடு

விசாகப்பட்டினத்தில் காலையில் கிரந்துல் செல்லும் ரயிலைப் பிடித்தால், வரிசையாக வரும் சுரங்கங்களைத் தாண்டி அனந்தகிரி மலையில் போரா குகையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடலாம். நண்பர்கள் கூட்டமாகப் போனால் காட்டில் நடை, குகை, அப்புறம் வாசலில் மூங்கில் சிக்கன் என்று தனித்தனியாகத் திட்டம் போடுவார்கள். அறிவியல்படி முதல் இரண்டும் ஒரே விஷயம். மேலே இருக்கும் காடுதான் கீழே இருக்கும் குகையை உருவாக்குகிறது.

மழைநீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கரியமில வாயு சொற்பம்தான். மண்ணுக்குள் கதையே வேறு. வேர்கள் சுவாசிக்கின்றன, நுண்ணுயிர்கள் சருகை மக்கவைக்கின்றன. அதனால் மண்ணிடுக்குக் காற்றில் இந்த வாயு வெளியில் இருப்பதைப் போலப் பல மடங்கு சேர்ந்துவிடுகிறது. அதைக் கரைத்துக்கொண்ட நீர் லேசான கார்பானிக் அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் அது இறங்கி கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கக் கரைக்க, மயிரிழை வெடிப்பு ஆள் நுழையும் வழியாகிறது. போராவில் கோஸ்தனி ஆற்று நீரும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டது.

சரி, கரைத்த நீரே கூரையில் கல்லை எப்படித் தொங்கவிடுகிறது? நீர் ஆவியாகி சுண்ணாம்பு மிஞ்சுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆழமான குகைக்குள் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட 100 சதவீதம். உள்ளே போன பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். அங்கே நீர் அவ்வளவாகக் காயாது. சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு வெளியேறுவதைப் போல, குகைக் காற்றைத் தொட்டதும் துளியிலிருந்து கரியமில வாயு கழன்றுவிடுகிறது. அமிலத்தன்மை குறைந்ததும் சுண்ணாம்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க நீரால் முடிவதில்லை. துளியின் விளிம்பில் மெல்லிய வளையமாக அது படிகிறது.

வளையத்தின் மேல் வளையம் சேர்ந்து, முதலில் துளியின் அகலமே உள்ள வெற்றுக் குழாய் உருவாகும். குழாய் அடைபட்டால் நீர் வெளிப்புறமாக வழிந்து, நாம் பார்க்கும் பருத்த கல்விழுதாகிறது. தரையில் விழுந்து தெறிக்கும் துளி, மீதிச் சுண்ணாம்பை இறக்கிவைத்துக் கல்முளையை வளர்க்கிறது. போராவில் பக்தர்கள் வணங்கும் லிங்கம் இப்படி வளர்ந்ததே. வேகம் இடத்துக்கு இடம் மாறினாலும், கல்விழுது ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் நீண்டாலே நல்ல வளர்ச்சி.

இப்படிப் படிந்த அடுக்குகளின் வயதை, யுரேனியம் காலப்போக்கில் தோரியமாக மாறும் அளவை வைத்து (யுரேனியம்–தோரியம் முறை) கணக்கிடலாம். அவற்றில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள், பழைய பருவமழையின் போக்கைக் காட்டும். மேகாலயாவின் மாவ்ம்லு குகைக் கல்முளை ஒன்றில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியின் தடயம் கிடைத்தது. அதை வைத்தே 2018-இல் புவியியல் காலக்கணக்கில் ‘மேகாலயன்’ என்ற கட்டம் ஏற்கப்பட்டது.

உள்ளே போனால் கல்விழுதுகளின் நுனியைப் பாருங்கள். துளி தொங்கினால் அது இன்னும் வளர வாய்ப்புண்டு. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் இப்படி நிறையப் பார்க்கலாம். தொட மட்டும் வேண்டாம். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் புதுப் படிவு சரியாக ஒட்டாது.