சப்மரீன் கிரவுண்ட்வாட்டர் டிஸ்சார்ஜ் – தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

எஸ்ஜிடினு சுருக்கிச் சொல்றாங்களே, அதோட முழுப் பேருதான் இது. சப்மரீன்னதும் நீர்மூழ்கிக் கப்பல்தான் நினைப்புக்கு வரும், ஆனா லத்தீன்ல சப்னா கீழ, மாரேனா கடல், அவ்ளோதான். டிஸ்சார்ஜ் பழைய பிரெஞ்சு வழியா வந்தது, ஏத்துன சுமையை இறக்குறதுனு அர்த்தம். நிலத்தடித் தண்ணி கடலடி மண்ணு வழியாவும் பாறை இடுக்கு வழியாவும் கடல்ல போய்ச் சேருறதுக்கு இந்தப் பேரு வெச்சிருக்காங்க.

சுமைங்கறது சரியாத்தான் இருக்கு. வயல்ல போட்ட யூரியா, செப்டிக் டேங்க்ல இருந்து இறங்குறது எல்லாம் நைட்ரேட்டா மாறித் தண்ணியோட போகுது. பாஸ்பேட் அவ்ளோ லேசுல நகராது, மண்ணுல இருக்குற இரும்பு ஆக்சைடு பிடிச்சு வெச்சுக்கும், அதனால கடலுக்கு நைட்ரஜன் மட்டும் தூக்கலா வந்து சேருது, மிதக்குற நுண்பாசிக்கு சராசரியா 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ்ங்கற கணக்குல தேவை, அது குலைஞ்சா எந்தப் பாசி பெருகும்ங்கறதே மாறிடும். உரத்தை இன்னிக்கே நிறுத்துனாலும் ஏற்கனவே உள்ள இறங்குனது வந்து முடியப் பல வருஷம் ஆகலாம்.

1996ல வில்லர்ட் மூர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி, நிலத்தடித் தண்ணி வழியா கடலுக்கு வர்ற ரேடியம்-226ங்கற கதிரியக்கப் பொருளைக் கடல்தண்ணியில அளந்து, அமெரிக்காவோட தென்கிழக்குக் கரையில ஆறுகள் கொண்டாற தண்ணியில சுமார் 40 சதவீத அளவுக்கு இப்படி அடியில வருதுனு சொன்னதுக்கப்புறம்தான் நிறைய பேர் கவனிக்க ஆரம்பிச்சாங்க. நேரா அளக்கவும் ஒரு வழி இருக்கு, இரும்பு டிரம்மை வெட்டி அந்தத் துண்டைக் கடலடி மண்ணுல கவுத்து அழுத்தி, மேல இருக்குற ஓட்டையில பிளாஸ்டிக் பையக் கட்டிட்டா, பையில எவ்ளோ நேரத்துல எவ்ளோ தண்ணி சேருதுனு பாத்துடலாம்.

இப்போ தமிழுக்கு வருவோம். 'வெளியேற்றம்'னு எழுதுனா குழாய் வெச்சு விடுற கழிவுநீர் மாதிரி ஆயிடுது. 'கடலடி ஊற்று' நல்ல சொல்லு, சுண்ணாம்புப் பாறைக் கரைகள்ல நல்ல தண்ணி குபுகுபுன்னு கிளம்புற இடத்துக்கு அதான் சரி, ஆனா பெரும்பாலான இடத்துல அது மெதுவாத்தான் கசியுது, அதுலயும் பெரும்பங்கு அலையும் ஓதமும் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குறது) மணலுக்குள்ள தள்ளுன கடல்தண்ணியே திரும்பி வர்றது. அதனால 'கடலடி நீர்ப்பொசிவு'ங்கறதுதான் என் பரிந்துரை. நெல்லுக்கு இறைச்ச தண்ணி 'புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்'னு மூதுரையில வருதே, அதே பொசிதல்தான், பயிருக்குப் போட்ட உரம் பாசிக்குப் போய்ச் சேருறதுக்கு இவ்ளோ பொருத்தமான சொல்லு நம்மகிட்டயே இருக்கு.