மெதுவாக ஓட்டினாலும் மீட்டருக்கு ஒன்பது கிராம்தான்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மாமா, செம்பனை மறுநடவு நடந்த இடத்தில் இளங்கன்றுகளுக்கு நடுவே நான்கு ஏக்கர் சோளம் போட்டிருக்கிறார். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அவித்து விற்கிறார்களே, அந்த இனிப்புச் சோளம்தான். மாமாவிடம் ஒரு பழைய மெஸ்ஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் இருக்கிறது. இப்போது பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் உரப்பெட்டியும் வாங்கி வந்து பின்னால் மாட்டியிருக்கிறார். இரண்டு வரிசைக்கு ஒரே நேரத்தில் உரம் போடுமாம்.

"பெட்டிக்கு அடியில் ஓர் இரும்புச் சக்கரமும் ஒரு சங்கிலியும் இருக்கின்றன, ஐயா. இன்ஜினிலிருந்து எந்தத் தண்டும் அதற்கு வரவில்லை. வேகமாக ஓட்டினால் உரம் பற்றாமல் போகாதா? மெதுவாகப் போனால் ஒரே இடத்தில் குவியாதா? கேட்டால், அதெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார் மாமா."

மாமா சொல்வது சரி. அந்தத் 'தானே'க்குள் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் போகும் முன், செடிக்குப் பக்கத்தில் உரம் போடுவது எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

சோளம் முளைத்த முதல் மூன்று வாரங்களில் அதிகம் சாப்பிடாது. ஆறு இலை விட்ட பிறகுதான் பசி எடுக்கும். அங்கிருந்து கதிரில் பட்டுநூல் வெளிவருவதற்குள், தனக்கு வேண்டிய நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக்கொள்ளும். முழுவதையும் விதைக்கும்போதே கொட்டிவிட்டால் என்ன? மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம். களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டாது. ஜெராய் மலையில் கருமேகம் இறங்கி நாலு சாயங்காலம் மழை கொட்டினால் நைட்ரேட் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அதனால் ஒரு பங்கை அடியுரமாகவும், மீதியைச் செடி முழங்கால் உயரம் வந்ததும் மேலுரமாகவும் தருகிறோம்.

மேலுரம் என்று பெயர் இருந்தாலும் மேலே வீசக் கூடாது. வீசினால் குருத்துக்குள் விழுந்து இலையைக் கருக்கும். அதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாது. மூட்டையில் இருப்பது யூரியா, அதில் 46 சதவீதம் நைட்ரஜன். பீடோங்கிலிருந்து வடக்கே போனால் வரும் குருன் ஊரில் பெட்ரோனாஸ் உர ஆலை, இயற்கை எரிவாயுவையும் காற்றையும் வைத்துச் செய்வது இதைத்தான். மண்ணிலும் காய்ந்த சருகிலும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. ஈரம் பட்டதும் அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். குருணை கிடக்கும் இடத்தில் காரத்தன்மை ஏறுவதால் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் மேல்மண் அதற்கு மிகவும் வசதி. அதே குருணை ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்கு அடியில் இருந்தால், எழும் அமோனியா அம்மோனியமாக மாறிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம் என்பதால் அது ஒட்டும்.

இந்த யூரியேஸைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர், 1926இல். நொதி என்பது புரதம்தான் என்று உலகம் நம்பத் தொடங்கியது அதிலிருந்துதான். இடக்கைப் பழக்கம் உள்ள அவர், 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் அந்த இடக்கையையே இழந்தவர். 1917இல் தொடங்கிய வேலை முடிய ஒன்பது வருடம் ஆனது. நோபல் பரிசு வர 1946 ஆனது. இன்றைக்கு ஓர் அவரையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்க எந்த மானியக் குழுவாவது பணம் தருமா? இரண்டாம் வருடமே "விளைவு என்ன?" என்று படிவம் வந்துவிடும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி கொழு ஒன்று மண்ணைக் கீறிச் சிறு சால் போடுகிறது. அதன் முதுகில் கட்டிய குழாய் வழியாக உரம் சாலில் விழுகிறது. பின்னால் வரும் தட்டோ சங்கிலியோ மண்ணை மூடுகிறது. இதெல்லாம் பார்த்தாலே புரிந்துவிடும். புரியாமல் இருப்பது, எவ்வளவு விழ வேண்டும் என்பது அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான்.

ஏக்கருக்கு 50 கிலோ யூரியா, அதாவது ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஓர் ஏக்கரிலுள்ள வரிசைகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் சுமார் 5,400 மீட்டர் வரும். 50,000 கிராமை அதில் பங்கு போட்டால் மீட்டருக்கு ஒன்பது கிராமும் கொஞ்சமும். மீட்டருக்கு நான்கு செடி என்றால் ஒரு செடிக்கு இரண்டே கால் கிராம் அளவு. ஒரு மூட்டை என்று சொல்லும்போது பெரிதாகத் தெரிந்தது, செடிக்கு வந்து சேரும்போது இவ்வளவுதான். இந்தச் சின்ன அளவைத்தான் ஆட்டமும் குலுக்கலுமாக ஓடும் ஓர் இரும்புப் பெட்டி தவறாமல் போட வேண்டும்.

தரையில் உருளும் இரும்புச் சக்கரத்தின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் என்போம். ஒரு சுற்றுக்கு அது 1.57 மீட்டர் நகரும். அதன் அச்சில் 12 பல்லுள்ள பல்சக்கரம், பெட்டிக்கு அடியிலுள்ள தண்டில் 24 பல். நடுவே சங்கிலி. ஆக, தரைச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். அதற்குள் டிராக்டர் 3.14 மீட்டர் போயிருக்கும். அந்தத் தூரத்துக்கு விழ வேண்டியது 29 கிராம் யூரியா. கன அளவில் ஏறத்தாழ 40 மில்லி. தண்டில் மாட்டிய உருளையில் எட்டுக் குழி இருந்தால், ஒரு குழிக்கு ஐந்து மில்லி. ஒரு தேக்கரண்டி! பெட்டிக்குள் நடப்பது இதுதான்: ஒவ்வொரு 40 சென்டிமீட்டருக்கும் ஒரு தேக்கரண்டி யூரியா குழாயில் கவிழ்கிறது.

இதில் வேகம் எங்காவது வந்ததா என்று பாருங்கள். வரவே இல்லை. மணிக்கு மூன்று கிலோமீட்டரில் போனால் உருளை மெதுவாகச் சுற்றும், ஆறில் போனால் இரு மடங்கு வேகமாகச் சுற்றும். நொடிக்கு விழும் உரம் மாறும், மீட்டருக்கு விழும் உரம் மாறாது. செம்பனைக்கு உரம் வீசும் அக்காமார்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு மரத்துக்கு இத்தனை டின் என்று போடுவார்கள். காலையில் வேகமாக நடந்தாலும், பத்து மணி வெயிலில் தளர்ந்து நடந்தாலும், மரத்துக்குப் போகும் டின் எண்ணிக்கை மாறாது. அளவு மரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, கடிகாரத்தோடு அல்ல.

இன்ஜினோடு இணைத்திருந்தால்தான் வாசகர் பயப்படுகிற வம்பு வரும். டிராக்டரின் பின்னால் இன்ஜின் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் ஓடும் உரம் வீசும் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்று தெரியும், டிராக்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேட்டில் கியரைக் குறைத்து, இன்ஜினை அதே சுற்றில் ஓட்டினால் மேட்டில் மட்டும் உரம் கொட்டும். சேற்றில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமினால் அங்கே ஒரு குவியலே விழுந்துவிடும்.

இன்னொரு அழகும் இதில் உண்டு. வரிசை முடிந்து திரும்புவதற்காக ஹைட்ராலிக்கில் பெட்டியைத் தூக்கினால் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சங்கிலி நிற்கும், உரமும் நிற்கும். அதற்குத் தனியாக ஒரு லீவர் வேண்டியதில்லை.

'சக்கரம்தான் வேண்டும் என்றால் டிராக்டரின் பின்சக்கரத்திலிருந்தே சங்கிலி எடுக்கலாமே' என்று யாராவது கேட்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் அது இழுக்கிற சக்கரம். இழுக்கிற எந்தச் சக்கரமும் கொஞ்சம் வழுக்கும், கொத்திய மண்ணில் 10, 15 சதவீதம் வழுக்குவது சாதாரணம். 10 சதவீதம் வழுக்கினால் 100 மீட்டருக்கான சுற்றைச் சுற்றிவிட்டு 90 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். 90 மீட்டரில் 100 மீட்டருக்கான உரம் விழுந்திருக்கும். தனிச் சக்கரம் எதையும் இழுப்பதில்லை, இழுபடுகிறது. அதன் சுமை ஓர் உருளையைச் சுற்றுவது மட்டும்தான். அதனால் அது சொல்லும் தூரம் பெரும்பாலும் உண்மையான தூரம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: சங்கிலி துருப்பிடித்து இறுகினாலோ, விளிம்பில் சேறு அப்பினாலோ சுற்றாமல் சறுக்கும். அப்போது உரம் குறையும். இழுக்கிற சக்கரம் தூரத்தைக் கூட்டிச் சொல்லும், இழுபடும் சக்கரம் குறைத்துச் சொல்லும். பழைய இரும்புச் சக்கரங்களின் விளிம்பில் குறுக்கே பட்டைகள் அடித்திருப்பது, மண்ணைப் பற்றிக்கொண்டு சறுக்காமல் உருளத்தான்.

இது மிகப் பழைய யோசனை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரித்திருக்கிறார். சக்கரம் சுற்றச் சுற்றப் பல்சக்கரங்கள் நகர்ந்து, ஒரு மைல் முடிந்ததும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். சாயங்காலம் கல்லை எண்ணினால் வந்த தூரம் தெரியும். கல்லுக்குப் பதில் விதையைப் போடச் சொன்னால் அது 1701இல் இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் செய்த விதைப்புக் கருவி. யூரியாவைப் போடச் சொன்னால் மாமாவின் பெட்டி. இன்றைய விலையுயர்ந்த இயந்திரங்களில் சங்கிலியை எடுத்துவிட்டு ஜி.பி.எஸ்.ஸும் மின்மோட்டாரும் வைக்கிறார்கள். செயற்கைக்கோளிடம் வேகத்தைக் கேட்டு, கணினியில் வகுத்துப் பெருக்கி, அதே மாதிரி ஓர் உருளையை அதே மாதிரி சுற்றுகிறார்கள். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் உண்மையான லாபம். வேகத்தைச் சரிக்கட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அதைச் சங்கிலியே செய்துவிடும்.

மலேசியா ஆண்டுக்கு 3 மில்லியன் டன்னுக்கு மேல் தீவனச் சோளம் இறக்குமதி செய்கிறது, முக்கியமாக அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். இங்கேயே விளைவிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ட்ரோன் படம் ஒன்று கூடவே வரும். ட்ரோன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பழைய டிராக்டரும் நாலு ஏக்கரும் வைத்திருப்பவருக்கு, எந்தப் பல்சக்கரம் மாட்டினால் எத்தனை கிராம் என்று பத்துப் பக்கத்தில் ஒரு கையேடு போட ஆகும் செலவு, ஒரு ட்ரோன் விலைகூட இருக்காது. அப்படி ஒரு கையேடு இல்லாத இடத்தைத்தான் வேறு யோசனைகள் பிடித்துக்கொள்கின்றன. தேய்பிறையில் போட்டால்தான் உரம் வேரில் இறங்கும் என்று தோட்டப்புறத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெட்டிக்குப் பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உரத்துக்கு நாள் பார்க்கும்போது மட்டும் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு மழை வருமா என்று பாருங்கள்.

மாமாவின் பெட்டியில் நான் சந்தேகப்படுவது வேறொன்றை. இந்த மாதிரிப் பெட்டிகளின் தாய்வீடு அமெரிக்கச் சோள வயல்கள். அங்கே குதிரை நடுவில் நடக்க வேண்டியிருந்த காலத்தில் வரிசை இடைவெளி சுமார் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டர். வரிசைப் பயிருக்கென்றே 1924இல் ஃபார்மால் டிராக்டர் வந்து குதிரை போன பிறகும் அந்த இடைவெளி வெகுகாலம் நீடித்தது, அப்புறம்தான் 30 அங்குலத்துக்கு இறங்கியது. மூடியின் உட்புறத்தில் அளவுப் பட்டியல் ஒட்டியிருந்தால், அது எந்த இடைவெளிக்கு என்று பாருங்கள். 40 அங்குலப் பட்டியலை நம்பி 75 சென்டிமீட்டர் வரிசையில் ஓட்டினால் ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக யூரியா போகும். டிராக்டரின் பின்சக்கர இடைவெளியை 60 அங்குலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மெஸ்ஸி ஃபெர்குசன் 135இல் அந்த அளவு கிடைக்கும். இரண்டு வரிசையை நடுவில் விட்டு டயர்கள் வெறும் மண்ணில் ஓடும்.

பட்டியலே இல்லாவிட்டாலும் கவலையில்லை. குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, வயலில் 100 மீட்டர் அளந்து ஓட்டி, பையைச் சமையல் தராசில் வையுங்கள். 930 கிராமை ஒட்டி வர வேண்டும். இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக நிறுங்கள், பழைய பெட்டியில் ஒரு பக்க உருளை தேய்ந்திருப்பது சகஜம். கூடினால் தண்டில் பெரிய பல்சக்கரம், குறைந்தால் சிறியது. பட்டறை முற்றத்தில் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பதைவிட இது மேல். வயலில் சக்கரம் மண்ணில் கொஞ்சம் அமிழும், பெட்டி குலுங்கும், அதெல்லாம் இந்த எடையில் சேர்ந்துவிடும்.

அப்புறம், காலையில் ஆறு மணிக்கே பெட்டியை நிரப்ப வேண்டாம். நம் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே யூரியா காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துப் பிசுபிசுக்கும். குழிகள் அடைத்துக்கொண்டால் சக்கரம் ஒழுங்காகச் சுற்றினாலும் தேக்கரண்டி காலியாகத்தான் கவிழும். பனி விலகி வெயில் ஏறியபின் நிரப்பி, முடிந்த அன்றே மிச்சத்தைக் கொட்டி எடுத்து, பெட்டியைக் கழுவிக் காயவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள். உரம் ஒட்டிய இரும்பு ஒரு ராத்திரியிலேயே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.